மலை ஏறாத மருந்து

உலகத்தில் மேலான காரியம் எது? இதுவரை ஒருவருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டறிவதா? அல்லது, முன்பே கண்டறிந்த ஒன்றை எடுத்துக்கொண்டு போய், அது கிடைக்காதவன் கையில் கொடுப்பதா?

இதைப் பட்டிமன்றத் தலைப்பாக வைத்தால் இரண்டு கட்சியும் நன்றாகக் கைதட்டல் வாங்கும். கடைசியில் நடுவர் எழுந்து, "இரண்டும் வேண்டும்" என்று தீர்ப்புச் சொல்லி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நடுவரின் தீர்ப்பில் பிழை இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பைக் கேட்டு ஒருவருக்கும் தூக்கம் கெடாது. தூக்கத்தைக் கெடுக்காத தீர்ப்பு தீர்ப்புத்தானா என்று எனக்கு ஐயம் உண்டு.

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. போடிநாயக்கனூரில் ஒரு பாராட்டுக் கூட்டத்தில் வந்தது.

போடியை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மேற்கு மலைத் தொடரின் மடியில் கிடக்கும் ஊர் அது. ஏலக்காய் மண்டிகள் இருக்கும் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் ஊரின் பெயரை மூக்கு சொல்லிவிடும். மலைமேல் விளையும் ஏலக்காய் இங்கே வந்துதான் சலித்துத் தரம் பிரிக்கப்பட்டு, ஏலம் போய், நாடெங்கும் செல்கிறது. ஊரின் செல்வம் மேலேயிருந்து இறங்குகிறது. ஊரின் உழைப்பு கீழேயிருந்து ஏறுகிறது. விடிவதற்கு முன்பே பெண்கள் தூக்குச்சட்டியோடு ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். போடிமெட்டு வளைவுகளில் ஏறி, மாநில எல்லையைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரிப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் நாளெல்லாம் குனிந்து காய் எடுக்கிறார்கள். ஏலச் செடியில் காய் தலைக்கு மேலே தொங்குவதில்லை. தூரிலிருந்து புறப்பட்டுத் தரையோடு படரும் சரத்தில் இருக்கிறது. குனியாதவனுக்கு அது கிடைக்காது.

அப்படிக் குனிந்து காய் எடுத்த ஒரு தாயின் மகள், வடக்கே ஒரு பெரிய நகரத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவளைத் தெருக்காரர்கள் கூடிப் பாராட்டினார்கள். பேச்சாளர் என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தார்கள். அவளுடைய ஆராய்ச்சி, இதயத்தில் உண்டாகும் அழற்சியை ஆன்டிபாடிகளைக் கொண்டு தணிப்பது பற்றியது. நான் கல்லூரிப் படிப்பை இரண்டாவது ஆண்டோடு முடித்துக்கொண்டவன். ஆகவே கூட்டத்துக்கு முன்பே அவளிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டேன். பொறுமையாகச் சொல்லித் தந்தாள். நான் புரிந்துகொண்ட வரையில் இங்கே சொல்கிறேன்.

நம் உடம்பில் ஒரு கிருமி நுழைந்தால், அதை அடையாளம் கண்டு பற்றிக்கொள்வதற்கென்றே இரத்தத்தில் ஒரு புரதம் உண்டாகிறது. அதுதான் ஆன்டிபாடி. சிறுவர்கள் உண்டிவில் செய்யும் கவட்டையைப் போன்ற வடிவம் அதற்கு. மேலே இரண்டு கைகளாலும் பகைவனைப் பிடித்துக்கொள்கிறது. கீழே இருக்கும் காம்பினால் உடம்பின் மற்றப் படைகளைக் கூப்பிடுகிறது. ஒவ்வொரு பகைவனுக்கும் தனித்தனிக் காவலாள். இவ்வளவு நுட்பமான காவலை எந்த அரசனும் எந்தக் கோட்டைக்கும் அமைத்ததில்லை.

ஆனால் இந்தக் காவலுக்கும் ஒரு குறை உண்டு. குழந்தைகளுக்குத் தொண்டைப் புண் வருகிறது. அதை உண்டாக்கும் கிருமிகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று ஒன்று. அந்தக் கிருமியின் மேல் தோலில் இருக்கும் ஒரு பொருளும் நம் இதயத்தில் இருக்கும் சில பொருள்களும் ஏறக்குறைய ஒரே சாயல். கிருமியைத் தேடிப் புறப்பட்ட காவலாள், சில குழந்தைகளின் உடம்பில், சாயலைப் பார்த்து மயங்கி, இதயத்தையே தாக்கத் தொடங்கிவிடுகிறான். தொண்டைப் புண் ஆறி இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வருகின்றன. வாதக் காய்ச்சல் என்றும் ருமாட்டிக் காய்ச்சல் என்றும் இதைச் சொல்கிறார்கள். 5 வயதிலிருந்து 15 வயதுக்குள்தான் பெரும்பாலும் வரும். மூட்டு வீக்கம் தானாகவே வடிந்துவிடும். பெற்றோர் நிம்மதி அடைவார்கள். இதயத்தின் வால்வுகளில் விழுந்த வடு மட்டும் வடியாது. அடுத்தடுத்துத் தொண்டைப் புண் வந்து அந்தக் காய்ச்சல் திரும்பும்போதெல்லாம் வடுவின்மேல் வடு விழும். பத்து இருபது ஆண்டுகள் கழித்து, பெண்ணாக இருந்தால் பல சமயம் பிள்ளைப்பேற்றின்போது, மூச்சு வாங்கும். அப்போதுதான் இதயம் பழுதாகிவிட்டது என்று தெரியும்.

காவலே பகையாகும் இந்த விந்தையைக் கேட்டபோது, கதை எழுதுகிறவனாகிய எனக்கு எத்தனையோ குடும்பங்கள் நினைவுக்கு வந்தன. அது வேறு கட்டுரை.

காவலாள் தவறினால் அவனை அடக்க வேறொரு காவலாளை அனுப்பலாம் என்பதுதான் இன்றைய ஆராய்ச்சி. ஆன்டிபாடியை மருந்தாகக் கொடுக்கும் எண்ணம் புதியதன்று. 1890-ஆம் ஆண்டிலேயே பெர்லினில் பெஹ்ரிங் என்ற ஜெர்மானியரும் கிட்டசாட்டோ என்ற ஜப்பானியரும், நோயை எதிர்த்து நின்ற ஒரு பிராணியின் இரத்த நீர் இன்னொன்றைக் காப்பாற்றும் என்று காட்டினார்கள். 1975-இல் கேம்பிரிட்ஜில் மில்ஸ்டைனும் கோலரும், ஒரே இலக்கைப் பற்றும் ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவுக்கு உண்டாக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அந்த முறைக்கு உரிமைப் பத்திரம் வாங்கப்படவில்லை. உலகத்துக்கே பொதுவாகப் போயிற்று. பின்னால் அதன்மேல் எழும்பிய மருந்துகளோ, ஒவ்வொன்றும் ஒரு கோட்டை மதிலுக்குள் இருக்கின்றன.

நம் ஆராய்ச்சிப் பெண் தேடுவதும் அப்படி ஓர் ஆன்டிபாடியைத்தான். உடம்புக்குள் "அடி, அடி" என்று சேதி பரப்பிக்கொண்டு ஓடும் தூதுப் பொருள்கள் சில உண்டு. அந்தத் தூதனை வழியிலேயே பிடித்து நிறுத்திவிட்டால் இதயத்தின்மேல் நடக்கும் தாக்குதல் அடங்கும் என்பது நம்பிக்கை. எலிகளுக்கு அந்த நோயை உண்டாக்கி, எலிகளிடமே அதைத் தணித்துப் பார்க்கிறாள். ஆறு ஆண்டுகள் போயிருக்கின்றன.

கூட்டம் முடிந்தது. மாலை, பொன்னாடை, புகைப்படம் எல்லாம் ஆயிற்று. கூட்டம் கலைகிற நேரத்தில் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மாள் கிட்டே வந்தார். அவரும் மலைக்குப் போகிறவர் என்பதை விரல் நுனிகளைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

"ஏத்தா, நீ செய்யிற மருந்து வந்தா, ஒரு ஊசி என்ன வெலை ஆகும்?" என்று கேட்டார்.

"மருந்து இன்னும் வரலை பெரியம்மா. ஆனா இந்த மாதிரி மருந்தெல்லாம் இப்ப லட்சக்கணக்குலதான் விக்குது."

"அப்ப எங்களுக்கு இல்லைன்னு சொல்லு."

அதில் கோபம் இல்லை. இந்த பஸ் நம் ஊரில் நிற்காதாக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஓரமாக விலகி நிற்பவரின் குரல் அது. பிறகு அவரே தம் மகளைப் பற்றிச் சொன்னார். பதினோரு வயதில் அந்தப் பெண்ணுக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி, பல ஆண்டுகளுக்கு விடாமல் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"ஊசிக்குக் காசு கெடையாதுய்யா, சர்க்கார் ஊசிதான். ஆனா கூட்டிட்டுப் போனா அன்னிக்குக் கூலி போயிரும். காய் எடுப்பு மும்முரமா இருக்கையில ஒருநா வரலைன்னா மறுநா ஜீப்புல எடம் இருக்காது. ரெண்டு தடவை ஊசி வரலைன்னு திருப்பி அனுப்பிட்டாக. பிள்ளைக்கும் அந்த ஊசின்னா உசுரு போற வலி. வீக்கம் வத்திருச்சு, ஓடியாடித் திரிஞ்சா. பெறகு எதுக்குன்னு விட்டுட்டோம்."

அந்தப் பெண்ணுக்கு இப்போது இருபது வயதாகிறது. வால்வைத் திறந்து பார்த்து மாற்றியிருக்கிறார்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களாம்.

அந்த அம்மாள் போன பிறகு ஆராய்ச்சிப் பெண் வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "நான் ஆறு வருஷமாத் தேடுறது இன்னும் கிடைக்கலை சார். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது நான் பிறக்குறதுக்கு முன்னாடியே இருந்துச்சு."

இதைக் கேட்டதும் மனத்தில் உடனே எழக்கூடிய பதில் ஒன்று உண்டு. "அப்படியானால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வீண் ஆடம்பரம். பணக்காரனுடைய இதயத்துக்காக ஏழை வீட்டுப் பெண்ணின் இளமை செலவாகிறது. மூடிவிட்டு எல்லோரும் ஊசி போடப் போங்கள்!" மேடையில் சொன்னால் எடுபடும் பதில். ஆனால் உண்மை இவ்வளவு எளிதாக இல்லை.

2017-இல் ஒரு பெரிய சோதனையின் முடிவு வெளிவந்தது. கனகினுமாப் என்று பெயர் கொண்ட ஓர் ஆன்டிபாடியை, ஒரு முறை மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். அது கொழுப்பைக் குறைக்கவில்லை. அழற்சியை மட்டும் தணித்தது. உரிய அளவில் கொடுத்தபோது மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைந்தன. ஆனால் உடம்பின் காவலைத் தளர்த்தியதால் வேறு தொற்று நோய்கள் வந்து இறந்தவர்கள் சற்றுக் கூடினார்கள். மொத்தச் சாவு குறையவில்லை. அதன் விலையோ, அப்போது அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் டாலர். இதய நோய்க்கு அதைக் கொடுக்க அமெரிக்க அரசு 2018-இல் அனுமதி தரவில்லை.

கணக்குப் பார்க்கிறவன் இதைத் தோல்வி என்பான். ஆனால் அந்த விலை உயர்ந்த மருந்து ஓர் உண்மையை நிலைநாட்டிவிட்டுப் போயிற்று: இதயத்தைக் கெடுப்பது கொழுப்பு மட்டுமன்று, அழற்சியும்தான்; அதைத் தணித்தால் பயன் உண்டு. இந்த உண்மை உறுதியானதும், அழற்சியைத் தணிக்கும் மலிவான மருந்து ஒன்றின்மேல் எல்லோருடைய கண்ணும் திரும்பிற்று. கொல்ச்சிசின் என்ற அந்தப் பழைய மருந்தை வைத்துச் சிறிய அளவில் சோதனைகள் முன்பே தொடங்கியிருந்தன. 2020-இல் 5,522 பேரிடம் நடந்த சோதனையில் அரை மில்லிகிராம் மாத்திரை நல்ல பலன் தந்தது. 2023-இல் அமெரிக்காவே அதை இதய நோய்க்கு அனுமதித்தது. 2024-இல், மாரடைப்பு வந்த உடனே கொடுத்துப் பார்த்த இன்னொரு பெரிய சோதனை அந்தப் பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. அறிவு நேர்க்கோட்டில் நடப்பதில்லை. போடிமெட்டுச் சாலையைப் போல வளைந்து வளைந்துதான் ஏறுகிறது.

அந்தக் கொல்ச்சிசின் எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? நம் செங்காந்தளிலிருந்து! குறிஞ்சிப்பாட்டின் நெடிய மலர் வரிசையில் முதலில் நிற்கும் பூ. இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக்கிழங்கு என்று பெயர் சொல்லி ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பக்கங்களில் விதைக்காக அதைப் பயிரிடுகிறார்கள். தின்றால் உயிரைக் குடிக்கும் நஞ்சு. அளந்து கொடுத்தால் மருந்து. லட்சங்கள் விலை போகும் ஆன்டிபாடி காட்டிய திசையில், வேலியோரத்துப் பூவுக்கு ஒரு புது மதிப்பு வந்தது. ஆகவே இன்று எட்டாத உயரத்தில் நடக்கும் ஆராய்ச்சியை வீண் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அது எந்தக் கதவைத் திறக்கும் என்பது அதைச் செய்கிறவளுக்கே தெரியாது.

முதல் பதில் தவறு. அதற்கு நேர் எதிரான பதில் ஒன்று இருக்கிறது. படித்தவர்கள் பலருக்கும் அதுதான் பிடிக்கும். "அறிவு மலைமேல் பெய்யும் மழை. இன்றில்லாவிட்டால் நாளை, தானே கீழே வந்து எல்லா வயலுக்கும் பாயும். பொறுத்திருக்க வேண்டும்" என்பது அது.

இந்தப் பதில் முன்னதைவிடத் தவறானது, அதைவிட ஆபத்தானது. ஏனென்றால் இதை நம்புகிறவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம்.

பென்சிலினைப் பிளெமிங் கண்டது 1928-இல். ஒரு முறை போட்டால் மூன்று நான்கு வாரங்கள் உடம்பில் தங்கும் பென்சிலின் ஊசி 1950-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. வாதக் காய்ச்சல் திரும்பாமல் தடுப்பதற்கு அதுவே போதும் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. பணக்கார நாடுகள் அந்த நோயை ஏறக்குறைய மறந்தே விட்டன. தமிழ்நாட்டிலும் முன்னைக்கு இப்போது குறைந்திருக்கிறது, ஆனால் மறையவில்லை. 2018 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை கூடி, இந்த நோயை ஒழிக்க எல்லா நாடுகளும் முனைய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. மழை தானாக எல்லா வயலுக்கும் பாய்ந்திருந்தால் அந்தத் தீர்மானத்துக்கு அவசியம் என்ன? விலை மலிவான மருந்தைச் செய்வதில் இலாபம் இல்லை. ஆகவே செய்கிறவர்கள் சிலரே. ஊசி ஒவ்வாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தால் சில இடங்களில் போடத் தயங்குகிறார்கள். இவை எல்லாவற்றையும் தாண்டி வந்தால், ஒரு நாள் கூலி குறுக்கே நிற்கிறது.

மழை கீழே பாயும் என்பது உண்மைதான். ஆனால் மருந்து மேலே ஏற வேண்டிய பொருள். யாராவது சுமந்தால்தான் ஏறும்.

சுமப்பது முடியாத காரியம் என்று சொல்கிறவர்கள் போடிக்கு மேற்கே இருக்கும் மலையை ஒரு முறை அண்ணாந்து பார்க்க வேண்டும். மூணாறுத் தேயிலையைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று வெள்ளைக்காரத் துரைமார்கள் எண்ணினார்கள். 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டார்கள். 1908-இல் அதைச் சிறு ரயிலாக மாற்றினார்கள். ரயில் டாப் ஸ்டேஷன் என்ற மலை விளிம்பில் வந்து நின்றது. அதற்கப்பால் செங்குத்தான பள்ளம். நின்றுவிட்டார்களா? வானத்தில் கம்பி கட்டி, தேயிலைப் பெட்டிகளைத் தொங்கவிட்டு, கொட்டகுடியில் இறக்கினார்கள். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வந்தது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. ஆனால் அது நடந்தது நடந்ததுதான். வேண்டும் என்று மனம் வைத்தவனுக்கு மலையும் பள்ளமும் தடை ஆகவில்லை. தேயிலைப் பெட்டிக்கு ஆகாயத்தில் வழி போட்ட மனித அறிவுக்கு, ஓர் ஊசி மருந்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரு சிறுமியின் கைக்கு எட்டச் செய்வதற்கு வழி தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆகவே கேள்வியை நான் வேறு விதமாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் ஒருவன் இறந்தால், அது துயரம். விதி என்று சொல்லி அழலாம். மருந்து வந்து எழுபது ஆண்டுகள் ஆன பிறகு அதே நோயால் ஒருத்தி நலிந்தால், அதற்கும் விதி என்றுதான் பெயரா? கண்டறிந்த கணத்திலேயே துயரம் கடனாக மாறிவிடுகிறது. தெரியாதவரையில் நாம் குற்றமற்றவர்கள். தெரிந்துகொண்ட பிறகு குற்றமற்றவர்களாக இருக்க நமக்கு உரிமை இல்லை.

அறிவு கடனைத் தீர்ப்பதில்லை. புதுக் கடனை உண்டாக்குகிறது என்பதே நான் சொல்ல வந்தது. ஒவ்வொரு புது மருந்தும் உலகத்துக்கு ஒரு புதுப் பொறுப்பு.

இந்தக் கடனை உணர்ந்து செயற்பட்டவர்கள் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். வாதக் காய்ச்சலால் பழுதான வால்வுக்குப் பதிலாகச் செயற்கை வால்வு வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்றிருந்த காலம். விலை ஏழைக்கு எட்டாது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தானும் அவருடன் இருந்தவர்களும், இங்கேயே ஒரு வால்வு செய்வது என்று முனைந்தார்கள். முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நான்காவது நின்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளியின் இதயத்தில் அதைப் பொருத்தினார்கள். சென்னை டி.டி.கே. குழுமம் அதைத் தயாரிக்க முன்வந்தது. வெளிநாட்டு வால்வைவிடக் குறைந்த விலையில் அது கிடைக்கலாயிற்று. வால்வு என்பது உலகத்துக்குப் புதிய கண்டுபிடிப்பு அன்று. "அது நம் மக்களுக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும்" என்ற நிபந்தனைதான் புதிது. அந்த நிபந்தனையை நிறைவேற்ற, புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கும் அளவுக்கே அறிவு தேவைப்பட்டது.

இங்கேதான் நம் பட்டிமன்ற நடுவரோடு நான் மாறுபடுகிறேன். இரண்டும் வேண்டும் என்று அவர் சொல்கிறார். ஆனால் இரண்டுக்கும் நாம் ஒரே நாற்காலி போடுவதில்லை. கண்டறிகிறவளுக்குப் பொன்னாடை போடுகிறோம். மலைக்குப் போகும் தாய்மார்கள் இறங்கிவரும் மாலை நேரத்தில் ஊசி போடும் அறையைத் திறந்து வைத்திருந்தால் அந்த அம்மாளின் மகள் இன்று குடம் தூக்குவாள். ஜீப் புறப்படும் இடத்திலேயே ஒரு செவிலி நின்றிருந்தாலும் போதும். அந்தச் சிறு மாறுதலை எண்ணிச் செய்கிற ஒரு செவிலிக்கு, ஒரு பள்ளி ஆசிரியருக்கு, ஒரு கணக்கருக்கு யார் மாலை போட்டார்கள்? தொண்டைப் புண்ணோடு வரும் பிள்ளையை, "இது வெறும் சளி" என்று விடாமல் மருத்துவரிடம் அனுப்பி வைக்கும் ஆசிரியை செய்வதும் இதயச் சிகிச்சைதான். ஆன்டிபாடி ஆராய்ச்சிக்கு டாக்டர் பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகம், ஒரு நாள் கூலியை இழக்காமல் ஊசி போடும் வழியைக் கண்டறிகிறவனுக்கும் அதே பட்டத்தை அதே மதிப்போடு கொடுக்கட்டும். அதுவும் அறியாததை அறிவதே.

அந்தப் பெண் ஆராய்ச்சியை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அவள் தேடுவது கிடைக்க வேண்டும். பென்சிலினால் தடுக்க முடியாத எத்தனையோ இதய அழற்சிகளுக்கு அது தேவை. ஆனால் கிடைக்கிற நாளில், "இது எப்படி மலை ஏறும்?" என்று கேட்பதும் தன் ஆராய்ச்சியின் ஒரு பகுதி என்று அவள் நினைக்க வேண்டும். அவள் ஒருத்தி நினைத்தால் போதாது. காலையில் ஏலக்காய் தட்டிப் போட்ட தேநீரைக் குடித்துவிட்டு இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற நாமும் நினைக்க வேண்டும். அந்தக் காய் நம் வீட்டுக்கு வந்து சேருவதற்கு எத்தனை கைகள் வேலை செய்கின்றன! எடுக்க ஒருத்தி, உலர்த்த ஒருவன், சலிக்க ஒருத்தி, ஏலம் கூற ஒருவன், மூட்டை ஏற்ற ஒருவன். ஒரு கை தவறினாலும் அது வந்து சேராது. கீழே வருவதற்கு இத்தனை கைகளை ஏற்படுத்தியிருக்கிறோம். மேலே அனுப்புவதற்கு எத்தனை கைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தால், அந்தக் குறையில் நம் கையும் ஒன்று.